சென்னையிலிருந்து டொரான்டோ எவ்வளவு தூரம், எத்தனை மணி நேரம்? நீங்களே கணக்குப் போட ஒரு வழிகாட்டி

தாம்பரத்தில் இருக்கும் என் அத்தை, போன ஜனவரியில் டொரான்டோவில் உள்ள மகள் வீட்டுக்குக் கிளம்பினார். முதல் வெளிநாட்டுப் பயணம். டிக்கெட் கைக்கு வந்ததும் எனக்குப் போன்.

"ஏம்ப்பா, போகும்போது காலையில அஞ்சரைக்கு ஏறினா அன்னிக்கே சாயங்காலம் ஆறு மணிக்கு இறங்கிடலாம்னு போட்டிருக்கு. பன்னிரண்டரை மணி நேரம்தான். திரும்பி வரும்போது திங்கள் ராத்திரி பத்து மணிக்கு ஏறினா புதன் விடியக்காலை அஞ்சு மணிக்குத்தான் சென்னை. முப்பத்தொரு மணி நேரம்! வர்ற பிளேன் அவ்வளவு மெதுவாவா போகும்?"

உண்மை நேர்மாறானது. வரும் பயணம்தான் சீக்கிரம் முடிகிறது. அத்தை கூட்டிக் கழித்ததில் தப்பில்லை. டிக்கெட்டில் இருக்கும் நேரங்களை நேரடியாகக் கழிக்கலாம் என்று நினைத்ததுதான் தப்பு. முதல்முறை நீண்ட பயணம் போகிறவர்கள் ஏறக்குறைய எல்லோரும் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள். ஆகவே அத்தைக்குச் சொன்ன கணக்கை இங்கே படிப்படியாக எழுதி வைக்கிறேன். ஊர் மாறினாலும் முறை இதேதான்.

1. எந்த விமான நிலையம் என்று முதலில் பாருங்கள்

ஊர்ப் பெயரை வைத்துத் தேடாதீர்கள். மூன்றெழுத்துக் குறியீட்டை வைத்துத் தேடுங்கள். சென்னைக்கு எம்.ஏ.ஏ., மெட்ராஸ் காலத்துக் குறியீடு இன்னும் அப்படியே இருக்கிறது. டொரான்டோவில் பெரிய விமான நிலையம் பியர்சன், குறியீடு ஒய்.ஒய்.இஜட். நகரத்தை ஒட்டிய தீவில் பில்லி பிஷப் என்று ஒரு சின்ன விமான நிலையமும் உண்டு, அதற்கு ஒய்.டி.இஜட். இந்தியாவிலிருந்து போகிறவர்கள் இறங்குவது பியர்சனில். அதுவும் டொரான்டோ நகரத்துக்குள் இல்லை, பக்கத்து ஊரான மிசிசாகாவில் இருக்கிறது.

நடுவில் மாறும் ஊரில்தான் இன்னும் கவனம் வேண்டும். லண்டனில் ஹீத்ரோ, கேட்விக், ஸ்டான்ஸ்டெட் என்று பல உண்டு. ஹீத்ரோவில் இறங்கி கேட்விக்கில் ஏறும்படி மலிவான டிக்கெட் ஒன்று வந்தால், அது மலிவு இல்லை. லக்கேஜை எடுத்துக்கொண்டு பிரிட்டன் குடியேற்றச் சோதனையைக் கடந்து வெளியே வந்து ஊரைச் சுற்றி அடுத்த நிலையத்துக்குப் போக வேண்டும்.

2. நேர்த்தூரம்: சுவர் மேப்பை நம்ப வேண்டாம்

பள்ளிக்கூடச் சுவரில் தொங்கும் உலக வரைபடத்தில் சென்னையையும் டொரான்டோவையும் ஸ்கேல் வைத்து இணைத்தால், கோடு அரபிக்கடல், அரேபியா, சகாரா, மொராக்கோ, அட்லாண்டிக் என்று போகும். அந்தக் கோட்டின் வழியே உண்மையிலேயே பறந்தால் சுமார் 15,700 கி.மீ. ஆகும். ஆனால் உண்மையான குறுக்குவழி 13,400 கி.மீ.தான். உருண்டையைத் தட்டையாக்கும்போது வடக்கே உள்ள நிலமெல்லாம் மேப்பில் இழுத்து நீட்டப்பட்டுவிடுகிறது. 2,300 கி.மீ. வித்தியாசம் அதனால் வருவது.

வீட்டில் ஒரு குளோப் இருந்தால் இதைக் கையால் சரிபார்க்கலாம். சென்னையில் நூலின் ஒரு முனையை வைத்து, டொரான்டோ வரை இழுத்து விறைப்பாகப் பிடியுங்கள். நூல் மேற்கே போகாது, வடக்கே ஓடும்! சென்னை கிழக்கு 80 டிகிரியில் இருக்கிறது, டொரான்டோ மேற்கு 80 டிகிரியில். இரண்டும் உருண்டையின் கிட்டத்தட்ட எதிர்ப்பக்கங்கள் என்பதால் துருவத்தை ஒட்டிப் போவதுதான் கிட்டம். ராஜஸ்தான், பாகிஸ்தான், மத்திய ஆசியா, ரஷ்யாவின் யூரல் மலைகள், கோலா தீபகற்பம், கிரீன்லாந்தின் பனி, அப்புறம் கியூபெக் வழியாக இறங்கி டொரான்டோ. சென்னையிலிருந்து பார்த்தால் டொரான்டோவின் திசை, நேர் வடக்கிலிருந்து வெறும் 17 டிகிரி இடப்பக்கம். இதைச் சொன்னபோது அத்தை நம்பவில்லை. பேரனின் குளோப்பில் நூல் வைத்துக் காட்டிய பிறகும் பாதிதான் நம்பினார்.

நூலை அளந்தும் தூரம் சொல்லலாம். 30 செ.மீ. விட்டமுள்ள குளோப்பின் சுற்றளவு சுமார் 94 செ.மீ. பூமியின் சுற்றளவு சுமார் 40,000 கி.மீ. அப்படியானால் 1 செ.மீ.க்கு ஏறக்குறைய 425 கி.மீ. நூல் முப்பத்தொன்றரை செ.மீ. வந்தால் கணக்கு சரி.

குளோப் இல்லாதவர்கள் கூகுள் எர்த்தில் உள்ள அளவுகோலைப் பயன்படுத்தலாம். கிரேட் சர்கிள் மேப்பர் என்ற தளத்தில் இரண்டு குறியீடுகளையும் நடுவில் கோடு போட்டுத் தட்டினாலும் தூரம் வந்துவிடும். எண்ணைப் பார்க்கும்போது அலகையும் பாருங்கள். 13,400 கி.மீ. என்பது சாதாரண மைலில் சுமார் 8,300, கடல் மைலில் சுமார் 7,200. விமானத்துறை கடல் மைலில் பேசும், ஒரு கடல் மைல் 1.852 கி.மீ. இன்னொரு சுலபச் சோதனையும் இருக்கிறது. பூமியில் எந்த இரண்டு இடங்களுக்கும் நடுவே நேர்த்தூரம் சுமார் 20,000 கி.மீ.க்கு மேல் இருக்க முடியாது. அதைத் தாண்டி ஒரு எண் வந்தால் எங்கோ பிசகியிருக்கிறது.

3. எந்த வழி எவ்வளவு சுற்று?

சென்னையிலிருந்து டொரான்டோவுக்கு இடைநில்லா விமானம் கிடையாது. எங்காவது ஒரு இடத்தில் மாற வேண்டும். எனவே இரண்டு துண்டுகளின் நேர்த்தூரத்தைத் தனித்தனியே பார்த்துக் கூட்டுங்கள். நான் போட்ட கணக்கு இது, எல்லாம் ஏறக்குறைய:

டெல்லி வழி: 1,760 + 11,640 = 13,400 கி.மீ.
லண்டன் வழி: 8,230 + 5,710 = 13,940 கி.மீ.
பிராங்க்பர்ட் வழி: 7,590 + 6,340 = 13,930 கி.மீ.
துபாய் வழி: 2,930 + 11,080 = 14,010 கி.மீ.
ஹாங்காங் வழி: 3,710 + 12,550 = 16,260 கி.மீ.

டெல்லி கிட்டத்தட்ட அந்த நூலின் மேலேயே இருப்பதால் அந்த வழியில் சுற்றே இல்லை. ஆச்சரியம் லண்டனும் துபாயும்தான். மேப்பில் எவ்வளவோ விலகி இருக்கும் இந்த இரண்டு ஊர்களின் வழிகளுக்கும் நடுவே மொத்த வித்தியாசம் 70 கி.மீ., அதாவது சென்னையிலிருந்து காஞ்சிபுரம் போகிற தூரம். ஹாங்காங் மட்டும் உண்மையிலேயே சுற்றுவழி. இதைப் பார்த்துவிட்டால், முதல் நான்கு வழிகளில் எதைத் தேர்ந்தெடுப்பது என்பதைத் தூரம் முடிவு செய்யாது என்பது புரியும். டெல்லி வழிக்கும் துபாய் வழிக்கும் உள்ள 600 கி.மீ. முக்கால் மணி நேரப் பறப்பு, அவ்வளவே. முடிவு செய்வது நடுவில் நீங்கள் உட்கார்ந்திருக்கும் நேரம். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

அதற்கு முன் ஒரு எச்சரிக்கை. இவையெல்லாம் காகிதத் தூரம். விமானம் இதைவிடக் கொஞ்சம் அதிகமாகவே பறக்கும், சில சமயம் நிறைய. காற்று, புயல், வான்போக்குவரத்துத் தடங்கள் எல்லாம் காரணம். இப்போது அரசியலும் பெரிய காரணம். 2022 பிப்ரவரியில் உக்ரைன் போர் தொடங்கியதும் ஐரோப்பிய, பிரிட்டிஷ், கனடா, அமெரிக்க நிறுவனங்களின் விமானங்கள் ரஷ்ய வான்வழியைப் பயன்படுத்த முடியாமல் போனது. 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் தன் வான்வழியை இந்திய நிறுவனங்களுக்கு மூடியது. டெல்லியிலிருந்து மேற்கே போகும் இந்திய விமானங்கள் அரபிக்கடல் பக்கம் இறங்கிச் சுற்ற வேண்டிவந்தது. வட அமெரிக்கா போய்வரும் சில விமானங்கள் எரிபொருளுக்காக வியன்னா போன்ற ஊர்களில் இறங்கி ஏறின. ஆக, காகிதத்தில் சுற்றே இல்லாத டெல்லி வழி நடப்பில் அப்படி இல்லை. எந்த வான்வழி எந்த நிறுவனத்துக்குத் திறந்திருக்கிறது என்று உங்களால் தினமும் பார்த்துக்கொண்டிருக்க முடியாது, தேவையும் இல்லை. ஃபிளைட்ரேடார்24 தளத்தில் உங்கள் விமான எண்ணைப் போட்டு, கடந்த ஒரு வாரம் அது எத்தனை மணிக்குக் கிளம்பி எத்தனை மணிக்கு இறங்கியது என்று பாருங்கள். அதைவிட நம்பகமான தகவல் கிடையாது.

4. தூரத்தை நேரமாக்குவது

பெரிய ஜெட் விமானங்கள் உயரத்தில் மணிக்கு ஏறக்குறைய 900 கி.மீ. வேகத்தில் போகின்றன. அதை அப்படியே வகுத்தால் விடை குறைவாக வரும். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, ஏறுவது, இறங்குவது, நிறுத்துமிடம் கிடைக்கக் காத்திருப்பது எல்லாம் சேர வேண்டும். டிக்கெட்டில் போடும் நேரமும் சக்கரம் நகர்வதிலிருந்து சக்கரம் நிற்பது வரையான நேரம்தான். வானத்தில் இருக்கும் நேரம் மட்டும் அல்ல.

நான் வைத்திருக்கும் சூத்திரம்: மேற்கே போனால் தூரத்தை 800ஆல் வகுத்து அரை மணி கூட்டுங்கள். கிழக்கே வந்தால் 900ஆல் வகுத்து அரை மணி கூட்டுங்கள். அரை மணி நேரம் முன்பின் இருக்கும், திட்டம் போட அது போதும்.

அத்தை போனது லண்டன் வழி. சென்னை–லண்டன் 8,230 கி.மீ. 800ஆல் வகுத்தால் பத்தேகால் மணிக்குக் கொஞ்சம் மேல், அரை மணி சேர்த்தால் பத்தே முக்கால். அத்தையின் டிக்கெட்டில் 11 மணி நேரம். லண்டன்–டொரான்டோவுக்கு ஏழரை மணிக்குச் சற்று மேலே வருகிறது, டிக்கெட்டில் 8. வரும்போது டொரான்டோ–லண்டன் ஏழு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைய, லண்டன்–சென்னை ஒன்பதே முக்கால் என்று வரும். டிக்கெட்டில் 7, 10.

ஏன் இந்த மேற்கு–கிழக்கு பேதம்? பூமி சுழல்வதால் என்று பலர் சொல்வார்கள். நேரடிக் காரணம் அது இல்லை, பூமியோடு காற்றும் சேர்ந்தேதான் சுழல்கிறது. காரணம் ஜெட் ஸ்ட்ரீம் என்ற வேகக் காற்று. விமானங்கள் பறக்கும் உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்காக ஓர் ஆறு போல ஓடுகிறது. குளிர்காலத்தில் வலு அதிகம். கிழக்கே வருகிறவர்களுக்கு ஆற்றோடு போகும் படகு, மேற்கே போகிறவர்களுக்கு எதிர்நீச்சல். 2020 பிப்ரவரியில் சியாரா புயல் சமயத்தில் பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானம் ஒன்று நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 4 மணி 56 நிமிடத்தில் வந்து சேர்ந்தது. வழக்கமாக அந்தப் பயணத்துக்கு ஆறரை, ஏழு மணி நேரம் ஆகும்.

5. கடிகாரக் கணக்கு: அத்தை தடுக்கிய இடம்

டிக்கெட்டில் ஒவ்வொரு நேரமும் அந்தந்த ஊரின் நேரம். சென்னைக்குச் சென்னை நேரம், டொரான்டோவுக்கு டொரான்டோ நேரம். இந்த ஒரு வரியை மனதில் வைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

குளிர்காலத்தில் டொரான்டோ நம்மைவிடப் பத்தரை மணி நேரம் பின்னே இருக்கிறது. மார்ச் இரண்டாம் ஞாயிறு முதல் நவம்பர் முதல் ஞாயிறு வரை அங்கே கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளி வைக்கிறார்கள், அப்போது வித்தியாசம் ஒன்பதரை. நாம் கடிகாரத்தைத் தொடுவதே இல்லை என்பதால் நமக்கு இது பழக்கமில்லை.

மேற்கே போகும்போது டிக்கெட்டில் தெரியும் நேரத்தோடு வித்தியாசத்தைக் கூட்டுங்கள். கிழக்கே வரும்போது கழியுங்கள்.

போகும்போது: காலை 5.30 முதல் மாலை 6.00 வரை, பன்னிரண்டரை. கூட்டல் பத்தரை. மொத்தம் 23 மணி நேரம். (11 மணி லண்டன் வரை, அங்கே 4 மணி காத்திருப்பு, மீண்டும் 8 மணி. கணக்கு நேராகிறது.)

வரும்போது: திங்கள் இரவு 10.00 முதல் புதன் காலை 5.00 வரை, முப்பத்தொன்று. கழித்தல் பத்தரை. மொத்தம் இருபதரை மணி நேரம். (7, மூன்றரை மணி காத்திருப்பு, 10.)

ஆக, அத்தையின் "மெதுவான" பிளேன் இரண்டரை மணி நேரம் சீக்கிரமாகவே கொண்டுவந்து சேர்க்கிறது. புதன் என்பதன் பக்கத்தில் "+2" என்று சின்னதாக ஒன்று போட்டிருக்கும். இரண்டு நாள் பறக்கிறோம் என்று அதற்கு அர்த்தமில்லை, தேதி இரண்டு நகர்ந்திருக்கிறது என்று அர்த்தம். விமான நிலையத்துக்கு அழைத்துப் போக வருகிறவர்களுக்குத் தேதியைச் சொல்லும்போது இதைப் பார்த்துச் சொல்லுங்கள்.

தேதியில் இதைவிட மோசமான பொறி ஒன்று இருக்கிறது: நள்ளிரவு விமானம். சென்னையிலிருந்து வெளிநாடு போகும் விமானங்களில் பல, நள்ளிரவுக்கும் விடியலுக்கும் நடுவே கிளம்புபவை. என் மாமா ஒருவருக்கு 15ஆம் தேதி 00.40க்கு விமானம். அவர் 15ஆம் தேதி இரவுச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு, ஊரே வழியனுப்ப, விமான நிலையம் போனார். விமானம் முந்தைய இரவே போய்விட்டிருந்தது. 15ஆம் தேதி 00.40 என்றால் 14ஆம் தேதி இரவு 9.30 மணிக்குள் விமான நிலையத்தில் இருக்க வேண்டும். காலண்டரில் 14ஐ வட்டமிடுங்கள், 15ஐ அல்ல.

6. காத்திருப்பு

லண்டன் வழிக்கும் துபாய் வழிக்கும் 70 கி.மீ. வித்தியாசம் என்றேன். ஆனால் ஒரு டிக்கெட்டில் இரண்டு மணி நேரக் காத்திருப்பு, இன்னொன்றில் பதினொரு மணி நேரம் என்று வரும். பயணத்தின் நீளத்தைத் தீர்மானிப்பது இதுதான். குறைவாக இருப்பதே நல்லது என்றும் எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒன்றரை மணி நேரம் என்றால் முதல் விமானம் முக்கால் மணி தாமதமானாலே ஓட வேண்டியிருக்கும். டெர்மினல் மாற வேண்டும், மறுபடி பாதுகாப்புச் சோதனைக்கு வரிசையில் நிற்க வேண்டும். வயதானவர்களுக்கு மூன்று முதல் நான்கு மணி நேரம் என்பதே என் கருத்து. ஆறைத் தாண்டினால் கால் வீங்கும், மனசும் சோரும்.

இரண்டு துண்டையும் ஒரே டிக்கெட்டாக வாங்குங்கள். முதல் விமானம் தாமதமாகி இரண்டாவதைத் தவறவிட்டால், ஒரே டிக்கெட் என்றால் அடுத்த விமானத்தில் ஏற்றிவிடுவது நிறுவனத்தின் பொறுப்பு. தனித்தனியாக வாங்கியிருந்தால் அது உங்கள் பொறுப்பு, உங்கள் பணம். லக்கேஜும் வழியில் உங்கள் கைக்கே வரும்.

"டைரக்ட்" என்ற சொல்லையும் சந்தேகத்தோடு பாருங்கள். விமான எண் மாறாமல் நடுவில் ஓரிடத்தில் இறங்கி ஏறினாலும் அதை டைரக்ட் என்பார்கள். எங்கும் இறங்காததற்குப் பெயர் நான்-ஸ்டாப்.

இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள், விமானம் மாறும் நாட்டில் ட்ரான்சிட் விசா வேண்டுமா என்று அந்த நாட்டின் அரசுத் தளத்திலேயே பார்த்துவிட்டு டிக்கெட் வாங்குங்கள். கனடா விசா இருப்பவர்களுக்குச் சில நாடுகள் விலக்கு தருகின்றன, எல்லா நாடும் அல்ல. சக்கர நாற்காலி வேண்டும் என்றால் குறைந்தது இரண்டு நாள் முன்பே சொல்லிவிடுங்கள், அதற்குக் கட்டணம் இல்லை. நடக்க முடிகிறவர்கள்கூட ஹீத்ரோ போன்ற இடங்களில் இதைக் கேட்டு வாங்குவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

7. வீட்டு வாசலிலிருந்து வீட்டு வாசலுக்கு

கடைசியாக இரண்டு முனைகளையும் சேருங்கள். சென்னையில் மூன்று மணி நேரம் முன்னதாக இருக்க வேண்டும், செக்-இன் கவுன்ட்டரை விமானம் கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்பே மூடிவிடுவார்கள். பியர்சனில் இறங்கியதும் குடியேற்றச் சோதனை, லக்கேஜ், சுங்கம். சுற்றுலா விசாவில் வருகிறவர்களுக்கு ஒன்று, ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள். முதல்முறை படிக்கவோ குடியேறவோ வருகிறவர்கள் அதற்குமேல் ஒரு மணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள், அவர்களுடைய தாள்கள் அங்கேயே தயாராக வேண்டும். அங்கிருந்து நகர மையத்திலுள்ள யூனியன் ஸ்டேஷனுக்கு யூ.பி. எக்ஸ்பிரஸ் ரயிலில் 25 நிமிடம். அந்த ரயில் முதல் டெர்மினலிலிருந்து கிளம்புகிறது. மூன்றாவது டெர்மினலில் இறங்கினால், இரண்டையும் இணைக்கும் இலவசக் குட்டி ரயிலில் வந்து ஏற வேண்டும். இரண்டாவது டெர்மினல் என்று ஒன்று இப்போது இல்லை, தேட வேண்டாம்.

அத்தை தாம்பரம் வீட்டிலிருந்து ராத்திரி ஒன்றரைக்குக் கிளம்பினார். ஸ்கார்பரோவில் மகள் வீட்டுக் கதவைத் தட்டியபோது அங்கே இரவு எட்டரை. பத்தொன்பது, கூட்டல் பத்தரை: இருபத்தொன்பதரை மணி நேரம். அதில் வானத்திலும் ஓடுபாதையிலும் கழிந்தது பத்தொன்பது மணி நேரம் மட்டுமே.

இன்னொன்று விட்டுப்போயிற்று. இறங்கியதும் போன் தானாக உள்ளூர் நேரத்துக்கு மாறிக்கொள்ளும், அதில் வைத்த மாத்திரை அலாரமும் கூடவே மாறிவிடும். சர்க்கரை, ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் வழியில் எந்த வேளைக்கு எதைப் போடுவது என்று மருத்துவரிடம் கேட்டு, இந்திய நேரத்திலேயே ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அத்தை அதற்காகவே மாமாவின் பழைய கைக்கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு போனார். அதை யாரும் மாற்றக் கூடாது என்று கண்டிப்பு. மூன்று வாரம் கழித்துப் பேசும்போதும் அதில் தாம்பரம் மணிதான் ஓடிக்கொண்டிருந்தது.